அறுக்காமல் சொல்லுங்கள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தாறு. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் செல்வநாயகி. கோயம்புத்தூரைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் கோல்ஃப் பழகுகிற மைதானம் இருக்கிறது. நாமெல்லாம் ஒரு ஓரத்தில் வரிசையாக நின்று அடிக்க வேண்டும். எதிரே பந்து போய் விழுவதற்கு வெறும் புல். அங்கே சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வார்த்தை கிடைத்தால் அன்றைக்கு யோகம். நானும் ஆறு வருஷமாக அவரிடம்தான் பழகுகிறேன். இன்னும் பந்தைத் தரையில்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அது என் தலையெழுத்து, அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

சீடரின் பெயர் நாச்சிமுத்து. பக்கத்து இடத்தில் நின்று அடிப்பவர், அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். பம்பு செட்டுக்குள்ளே சுற்றுகிற எஃகுச் சக்கரங்களை வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார். நாற்பது வருஷத் தொழில். நேர்மையான மனுஷர், ஆனால் வாயில் ஒரு நல்ல சொல் வராது. அவர் "ம்" என்று சொன்னால் பொருள் தேறிவிட்டது என்று அர்த்தம்.

பதினோரு மாசமாக வந்து பழகினார். இந்த வயதில் எதற்கு கோல்ஃப் என்று கேட்டால், "சும்மாங்க" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். குருவின் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு டிரைவர். வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கோல்ஃபில் தூரமாக அடிக்க எடுக்கிற நீள மட்டை. அதன் தலை கடையில் விற்பதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"அம்மிணி, ஒரு டிரைவர் நல்லதா இல்லையான்னு எப்படீங்க பார்க்கறது?"

"எதுக்குங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். குரு படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் ஏற்கெனவே கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

'அப்பா, இது என்னோட ரெண்டாவது பீஸ். நீங்க கோல்ஃப் பழகறதா அம்மா சொன்னாங்க. இதை அறுக்காமல் பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர்றேன். மிருதுளா.'

"அறுக்காமலா?" என்றேன் நான்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

பவுண்டரியில் ஒரு வழக்கம். எந்தப் பொருளை வார்த்தாலும் முதல் பீஸை விற்க மாட்டார்கள். மெஷினில் கொடுத்து நடுவே அறுப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, எஃகு எல்லா இடத்திலும் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இவர் மகள் மிருதுளா உலோகப் படிப்பு படித்தவள், காலேஜில் கோல்ஃப் ஆடியவள். அப்பாவின் பவுண்டரியிலேயே எட்டு மாசம் ராப்பகலாக உழைத்து, மெல்லிய எஃகில் ஒரு டிரைவர் தலை வார்த்தாள். கொண்டுவந்து அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

திரும்பி வருவதற்குள் இவர் அறுத்துவிட்டார்.

"அட கடவுளே!" என்றேன்.

"முதல் பீஸுங்களே. நாப்பது வருஷமா அப்படித்தானுங்க. கை தானாப் போயிருச்சு."

"என்ன சொன்னீங்க பொண்ணுகிட்ட?" குரு கேட்டார்.

"குமிழி இல்லைன்னு சொன்னேன். உள்ளுக்குள்ள மூணு பட்டை ஓடுது, அது வேண்டாத எடைன்னும் சொன்னேன்."

"அவங்க?"

"ரெண்டு துண்டையும் கையில எடுத்துப் பார்த்தா. மேஜையிலயே வெச்சுட்டுப் போயிட்டா. அடுத்த வாரம் ஓசூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்துட்டா. அவங்கம்மாகிட்ட மட்டும் பேசுவா. பதினோரு மாசமாச்சுங்க."

பதினோரு மாசம். மனுஷர் ஏன் கோல்ஃப் பழக வந்தார் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது.

"இந்தத் தடவை நான் தப்பாச் சொல்லிட்டேன்னா அவ்வளவுதானுங்க. அப்புறம் வரவே மாட்டா. நீங்கதான் சொல்லித் தரோணும்."

குரு டிரைவரைக் கையில் வாங்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்.

புதன்கிழமை நாச்சிமுத்து பூதக்கண்ணாடியோடும் அளவுக்கருவிகளோடும் வந்து உட்கார்ந்துவிட்டார். டிரைவரை மேஜைமேல் படுக்கவைத்து, ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை மணி கழித்துக் குரு வந்தார்.

"எப்படீங்க இருக்குது பார்க்கறதுக்கு?"

"அடியில ஒட்டு வெச்ச கோடு தெரியுது. பின்பக்கம் மெருகு பத்தலை. கம்பு வந்து சேர்ற குதிகாலுக்கு அடியில சொரசொரப்பு. என் பட்டறையா இருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்."

குரு மட்டையை மேஜையிலிருந்து எடுத்தார். தரையில், பந்துக்குப் பின்னால் ஊன்றினார். பிடியை அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க."

நாச்சிமுத்து அடிக்கப் போகிறவர்போல நின்று குனிந்து பார்த்தார்.

"ஒட்டுக்கோடு தெரியுதுங்களா?"

"இல்லீங்க."

"சொரசொரப்பு?"

"அது... அந்தப் பக்கமாப் போயிருச்சுங்களே."

மேலிருந்து பார்த்தால் அந்தத் தலை அவ்வளவு அழகு. கறுப்பாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், அடக்கமாக நின்றது. அடிக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் அந்தப் பெண் எத்தனை நாள் தேய்த்தாளோ தெரியவில்லை.

நாச்சிமுத்து நிமிரவே இல்லை. "இங்க நின்னு பார்த்துத்தான் செஞ்சிருக்கறா" என்றார். குரு அதற்குள் வேறு யாருக்கோ முழங்கையைத் திருத்தப் போய்விட்டார்.

வியாழக்கிழமை, கையில் பிடித்து அடித்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற நாள். குரு ஒரு பொட்டலம் பஞ்சு கொண்டுவந்தார்.

"காதுல வெச்சுக்குங்க."

"கையிலதானுங்க உணர்வு? காதுல எதுக்கு?"

குரு பதில் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் நாம் செய்துவிட வேண்டும், அது இங்கே எல்லோருக்கும் பழக்கம். நாச்சிமுத்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஐந்து பந்து அடித்தார்.

"எப்படீங்க?" என்று குரு கையால் கேட்டார்.

"ஒண்ணுந் தெரியலீங்க!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "கட்டையில அடிச்ச மாதிரி இருக்குது!"

குருவே பஞ்சை எடுத்துவிட்டார். "இப்ப ஒண்ணு அடிங்க."

அடித்தார்.

எனக்கு அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை. கடை டிரைவர்கள் தகர டப்பாவைத் தட்டின மாதிரி கத்தும். இது அப்படி இல்லை. சுத்தமாக, கணீரென்று ஒரு தடவை ஒலித்து, கொஞ்சம் நின்று, அடங்கியது.

நாச்சிமுத்துவின் முகம் மாறிவிட்டது. பந்து எங்கே போனது என்றுகூடப் பார்க்காமல் இன்னொன்று அடித்தார். இன்னொன்று. நாலாவது பந்துக்கு மட்டையை ஓங்கியவர், அப்படியே இறக்கிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நெஞ்சு வலிக்குதா?" எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இது எங்க பட்டறைச் சத்தமுங்க" என்றார்.

குரு அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வார்த்த பொருளைச் சுத்தியல்ல தட்டுவமுங்க. விரிசல் இருந்தா மொத்தையாக் கேட்கும். நல்ல பீஸுன்னா இப்படிக் கேட்கும். பள்ளிக்கூட லீவுல மிருதுளா வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவா. நான் தட்டுவேன், அவ சொல்லோணும், நல்லதா கெட்டதான்னு. ஆறு வயசு. ஒண்ணுகூடத் தப்பாச் சொன்னதில்லீங்க. வேலையாளுங்க எல்லாம் அசந்து போயிருவாங்க." மட்டையின் தலையை விரலால் தடவினார். "அந்த மூணு பட்டை... உள்ளே ஓடுதுன்னு சொன்னனே. அது எடைக்கு இல்லீங்க. இந்தச் சத்தத்துக்கு. என் காதுக்கு அளந்து வெச்சிருக்கறா. நான் அறுத்துப் பார்த்து, வேண்டாத எடைன்னு சொல்லிட்டேன்."

அறுபத்தாறு வயது மனுஷர் தோள் குலுங்க அழுதார். குரு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததே. அன்றைக்குத் தூரம் பார்க்க வேண்டும். மைதானத்தில் ஒரு மெஷின் உண்டு. பந்து எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிடும். என்னைப் பல தடவை அவமானப்படுத்தியிருக்கிறது.

நாச்சிமுத்து தான் கடையில் வாங்கிய டிரைவரால் இருபது பந்து அடித்தார். மகள் செய்த மட்டையால் இருபது. இரண்டும் மாற்றி மாற்றி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மகளுடையது பதினாலு யார்டு குறைவு. மறுபடி அடித்தார். மறுபடியும் பதினாலு.

"மெஷின்ல கோளாறு இருக்குமுங்களா?" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்ததில்லை.

"இல்லீங்க" என்றார் குரு.

"அம்மிணி, எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. சொன்னாலும் அவளுக்குத் தெரிஞ்சு போயிரும். குறைச்சல்னு சொன்னா, மறுபடியும் அப்பன் குத்தம் கண்டுபிடிச்சுட்டான்னு போயிருவா. நான் என்னதாஞ் செய்யட்டும்?"

"எழுதிட்டு வாங்க" என்றார் குரு.

சனிக்கிழமை அவர் எழுதிக்கொண்டு வந்தார். பவுண்டரியில் பொருளைச் சோதித்து எழுதுகிற அச்சடித்த படிவம். எப்போதும் போல அதிலேயே எழுதியிருந்தார். பொருள்: டிரைவர். உலோகம்: எஃகு. எடை, நீளம், கோணம், எல்லாம் துல்லியம். தோற்றம்: சரி. சத்தம்: சரி. தூரம்: பதினாலு யார்டு குறைவு. கீழே, சோதித்தவர்: ந. நாச்சிமுத்து.

குரு முழுதும் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"ஐயா, செஞ்சவங்க பேரு எங்கீங்க?"

"அதுக்கு இதுல இடம் இல்லீங்களே. நாங்க எழுதறதில்லை."

"நாப்பது வருஷமாவா?"

"ஆமாங்க."

குரு காகிதத்தை நாலாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாச்சிமுத்து அன்றைக்கு ஒரு பந்துகூட அடிக்கவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். என்னமோ, தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மிருதுளா வந்தாள். ஒல்லியான பெண். அப்பாவின் அதே மூக்கு, அதே பிடிவாதமான தாடை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள்.

"சாப்பிட்டியா சாமி?"

"ஆச்சுங்கப்பா."

பதினோரு மாசத்துக்கு அப்புறம் இவ்வளவுதான் பேச்சு. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்."

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். விரித்தார். படிக்காமல் மறுபடி மடித்துவிட்டார்.

"பதினாலு யார்டு கம்மியாப் போகுது" என்றார்.

போச்சு, மனுஷர் கெடுத்தார் என்று நினைத்தேன். அத்தனை இருக்க, முதலில் அதைத்தானா சொல்ல வேண்டும்?

"தெரியுமுங்கப்பா" என்றாள் மிருதுளா.

"தெரியுமா?"

"பந்துல படற முகத்தகட்டை அரை மில்லிமீட்டர் தடிமனா வெச்சுட்டேன். அதனாலதான்."

"மெலிசாப் போட உனக்குத் தெரியாதா?"

"தெரியும். போட்டா சில சமயம் அடிக்கறப்பத் தெறிச்சுரும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கதானுங்களே அடிக்கப் போறீங்க. உங்க கையில எதுவும் பட்டுரக் கூடாதுன்னு பயமா இருந்துச்சு."

நாச்சிமுத்து மடித்த படிவத்தைப் பையில் திணித்தார். திரும்பிக் குருவைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவன் கரையில் நிற்கிறவனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"அம்மிணி, நான் என்னங்க சொல்லட்டும்?"

"இதுக்கெல்லாம் நான் பாடம் எடுக்கறதில்லீங்கய்யா" என்றார் குரு.

அப்புறம் நாச்சிமுத்துவே மகளிடம் போனார். அந்த நாலடியையும் அவர்தான் நடந்தார்.

"அன்னைக்கு நீ கொண்டுவந்து வெச்சியே, அதை அறுத்திருக்கக் கூடாது சாமி. உன்னைக் கேட்டிருக்கோணும். அந்தப் பட்டை எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். உங்கப்பனுக்குப் பொருளை மட்டுந்தான் பார்க்கத் தெரியும். தப்புப் பண்ணிட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டீங்களாப்பா?" குரல் ஆறு வயசுக் குழந்தைக் குரலாக வந்தது.

"கேட்டேன் கண்ணு. ரொம்ப... ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் அழுதாள், அவர் அவள் தலையில் கை வைத்தார். அதையெல்லாம் நான் விவரிக்க மாட்டேன், அது அவர்கள் விஷயம். கொஞ்ச நேரம் கழித்து மிருதுளா முந்தானை இல்லாத குறைக்குப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கொடுங்கப்பா, நான் ஒண்ணு அடிக்கறேன்" என்றாள்.

மகள் அடித்து அவர் பார்த்ததே இல்லையாம். காலேஜில் கோப்பை ஜெயித்தபோதுகூட, பவுண்டரியில் உலை எரிகிறது என்று போகவில்லையாம். பின்னால் சொன்னார்.

மிருதுளா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பந்தை வைத்தாள். கால்களை அகட்டி நின்றாள். தோளைத் திருப்பினாள். மட்டை மேலே போய் ஒரு நொடி நின்றது, இறங்கியது. கணீர்!

என்ன அடி! பந்து உயரமாக எழும்பி, தென்னை மரங்களின் தலைக்கு நேராகப் போய், கொஞ்சம் இடது பக்கம் வளைந்து, யாரும் எட்டாத அந்தக் கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. வரிசையில் நின்ற எல்லோரும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் கைப்பையோடு கை தட்டினேன்.

குரு நாச்சிமுத்துவிடம் வந்தார்.

"எங்கீங்கய்யா விழுந்துச்சு?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். திருடி மாட்டிக்கொண்டவர் போல விழித்தார்.

"நான் பந்தைப் பார்க்கலீங்க அம்மிணி. இவளையேதான் பார்த்துட்டு நின்னுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பாடத்துல கோட்டை விட்டுட்டனுங்களா?"

குரு காலடியில் இருந்த பந்துக்கூடையை மிருதுளாவின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"போகுது விடுங்க" என்றார். "பந்து நிறைய இருக்குது."